தாய்மாமன் வாங்கிய ஜீப்

பழைய ஜீப் ஒன்று வாங்க வேண்டும் என்ற எண்ணம் நிறைய ஆண்களுக்கு ஒரு வயதில் வருகிறது. பெரும்பாலானவர்கள் அதை வெளியே சொல்லாமல் நன்றாகத் தூங்கிச் சரிசெய்துகொள்கிறார்கள். சிலர் வீட்டில் சொல்லி, திட்டு வாங்கிக் குணமாகிறார்கள். எனக்கு இரண்டும் பலிக்கவில்லை. காரணம், நான் அதை ஆசை என்றே நினைக்கவில்லை, கடமை என்று நினைத்தேன். ஆசைப்பட்டு நிற்பவனிடம் நாலு பேர் நல்லது சொல்லலாம். கடமை என்று கிளம்பிவிட்டவனிடம் யாரும் வாய் திறக்க முடியாது. (என் அம்மா திறந்து பார்த்தாள். "கண்ணு, உனக்கு ஸ்கூட்டரே ஒழுங்கா ஸ்டாண்டு போட வராது" என்றாள். அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். பெற்ற தாய்க்கு என்ன பொறாமை இருக்க முடியும் என்று அன்று யோசிக்கவில்லை.)

நாங்கள் கர்நாடகத்தில் ஹனூர்ப் பக்கத்துக்காரர்கள். அப்பாவுக்கு மைசூரில் ஓர் ஆலையில் வேலை கிடைத்ததால் வித்யாரண்யபுரத்தில் வாடகை வீடு பிடித்தார். நானும் தங்கை சுதாவும் அங்கேதான் வளர்ந்தோம். வீட்டுக்குள் தமிழ், படி இறங்கினால் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். படித்து முடித்து நான் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். சுதா திரும்ப ஊர்ப் பக்கமே வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளை செந்தில் மஞ்சளும் மக்காச்சோளமும் போடுகிற விவசாயி. சாதுவான மனிதர். அவர்கள் கல்யாணத்துக்கு முன்பே அப்பா போய்விட்டதால், சுதாவுக்குப் பிறந்த வீடு என்றால் அம்மாவும் நானும்தான்.

சுதாவின் மகள் தாரணிக்கு மூன்று வயதானதும் காது குத்த நாள் பார்த்தார்கள். இடம், செந்தில் வீட்டாரின் குலதெய்வம் கோயில். கோபிநத்தம் தாண்டி, காட்டை ஒட்டிப் போகிற மண் பாதையில், ஒரு பள்ளத்தைக் கடந்து மேட்டில் ஏறினால் கோயில். (எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்றுதான் சொல்வோம். அதில் தண்ணீர் ஓடும், சில நாள் நிறையவே ஓடும்.) நாள் குறித்ததும் செந்தில் எனக்குப் போன் செய்தார்.

"மச்சான், நீங்களும் அத்தையும் சீர்த் தட்டெல்லாம் எடுத்துக்கிட்டு பஸ்ல வந்து எறங்கீருங்க. அங்கிருந்து நம்ம டிராக்டர்ல ஏத்திக்கலாமுங்க. பள்ளத்துல தண்ணி ஓடுது, கார் கீரெல்லாம் தாண்டாதுங்க."

அவர் அக்கறையாகச் சொன்னார். என் காதில் வேறு மாதிரி விழுந்தது. தாய்மாமன் சீர் என்பது எங்களில் சாதாரண விஷயம் அல்ல. பட்டுப் பாவாடை, தோடு, கொலுசு, பழம், தேங்காய், வெல்லம் என்று தட்டுத் தட்டாக எடுத்துக்கொண்டு மாமன் வர வேண்டும். அவன் மடியில் குழந்தையை உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் மடி இல்லாமல் குத்தினால் அது காதுகுத்து அல்ல, வெறும் ஓட்டை. அப்பேர்ப்பட்ட சீர் மாப்பிள்ளை வீட்டு டிராக்டரில் ஏறி வருவதா? விசேஷ வீட்டுக்காரரையே விட்டு நம் பேரில் மொய் எழுதச் சொல்வதுபோல இல்லையா?

அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். சுதா கல்யாணத்தன்று பந்தலில் யாரோ ஒரு அம்மாள், "அப்பன் இல்லாத புள்ள, பாவம்" என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் 'பாவம்' எனக்குள் முள்ளாக நின்றுவிட்டது. என் தங்கையைப் பார்த்து இனி ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். எப்படிச் செய்வது என்றுதான் தெரியாமல் இருந்தது. பள்ளம், தண்ணீர், மேடு என்று செந்தில் சொன்னதும் தெரிந்துவிட்டது.

"வேண்டாம் மாப்ள. நான் நம்ம வண்டியிலயே வந்துடறேன்" என்றேன்.

அப்போது 'நம்ம வண்டி' என்பது ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி உள்ள ஸ்கூட்டர்.

ஜீப்பைக் குடகுப் பக்கத்தில் ஒரு காபித் தோட்டத்துக்காரரிடம் கண்டுபிடித்தேன். கொட்டகைக்குள் நின்றிருந்தது. மேல் துணி கிழிந்திருந்தது. கதவு என்று சொல்லத்தக்கதைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பின் சீட்டில் ஒரு கோழி முட்டை வைத்து அடைகாத்துக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் இதைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பியிருப்பார்கள். நான் முட்டையைச் சுப சகுனமாக எடுத்துக்கொண்டேன். தோட்டத்துக்காரர், "எஞ்சின் சிங்கம்" என்றார். கிளப்பிக் காட்டினார். சிங்கம் நிறையப் புகை விட்டது. சாவியை என் கையில் கொடுக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. பிரிய மனமில்லாமல் கலங்குகிறார் என்று நினைத்து நான்தான் அவரைத் தோளில் தட்டித் தேற்றினேன். அது ஆனந்தக் கண்ணீர் என்பது மைசூர் வந்து சேர்வதற்குள்ளேயே புரிந்துவிட்டது.

அடுத்தது மெக்கானிக். ஜீப் பார்ப்பவர்கள் மைசூரில் இல்லாமல் இல்லை. ஆனால் எனக்குப் பழக்கமானவர் எங்கள் தெருமுனையில் ஸ்கூட்டர் பார்க்கிற பசவராஜுதான். அவருக்கு முடியாது என்ற சொல் எந்த மொழியிலும் வராது. "ஆகுத்தே சார்" என்பார், எல்லாவற்றுக்கும். அதாவது, ஆகிவிடும். "நீங்க ஜீப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். "ரெண்டு சக்கரத்தை ரெண்டு தடவை பாத்தா நாலு சக்கரம். ஏனு கஷ்டா சார் இதுல?" என்றார். அந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் பட்டது. (நான் கணக்குப் பிரிவில் வேலை செய்தவன் என்பதை இங்கே மறுபடி நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.)

சந்தேகம் வந்தால் கேட்பதற்கு, பழைய ஜீப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றிலும் சேர்ந்துகொண்டேன். "பிரேக் அடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். ஒருவர் பிரேக் டிரம்மை மாற்றச் சொன்னார். ஒருவர் டயரை மாற்றச் சொன்னார். ஒருவர், அதுதான் அந்த வண்டியின் அழகு, தயவுசெய்து கெடுத்துவிடாதீர்கள் என்று உருகினார். இன்னொருவர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் வைத்தார். நான் மூன்றாவது ஆளின் பேச்சைக் கேட்டேன், செலவில்லை என்பதால் அல்ல, உருக்கமாக இருந்தது என்பதால்.

முதன்முதலாக வண்டி வாங்கியவன் எதை முதலில் சரிசெய்வான் என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: வெளியே தெரிவதை. முதலில் பெயின்ட். கரும்பச்சை வேண்டும் என்றேன். பசவராஜு கலந்து அடித்து முடித்தபோது அது கொத்தமல்லித் துவையல் நிறத்தில் வந்தது. காய்ந்தால் சரியாகிவிடும் என்றார். காய்ந்ததும் காய்ந்த துவையல் நிறத்துக்கு வந்தது. அப்புறம் சீட்டுக்கு ரெக்ஸின். அப்புறம் மேல் துணி. அப்புறம் ஹாரன். ஹாரன் விஷயத்தில் மட்டும் நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அமுக்கினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ராகத்தில், நாதஸ்வரத்துக்கும் குழந்தை அழுகைக்கும் நடுவே ஏதோ ஒன்றாகப் பாடும் ஹாரன். முதல் நாள் அதை அடித்தபோது எதிர்வீட்டு அம்மாள் கையிலிருந்த பால் பாக்கெட்டைக் கீழே போட்டார். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு குறை கண்ணை உறுத்தியது. முன் சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் துருவும் கிரீஸுமாக இரும்புக் குமிழ் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. பின் சக்கரத்தில் அப்படி இல்லை. அழகான முகத்தில் பரு வந்ததுபோல இருந்தது. லாரிகளில் சக்கரத்தின் நடுவே எவர்சில்வர் கிண்ணம் கவிழ்த்துப் பளபளவென்று ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் போய் அம்மாவின் அலமாரியிலிருந்து இரண்டு கிண்ணங்களை எடுத்து வந்தேன். பெரியம்மா வீட்டு விசேஷத்தில் கொடுத்தது. பெரியம்மா பெயர் அழகாகப் பொறித்திருந்தது. பசவராஜு குமிழின் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்து, போல்ட் போட்டு இறுக்கினார். இரண்டு பேரும் தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தோம்.

"சூப்பர் ஆகிதே சார்" என்றார்.

சூப்பராகத்தான் இருந்தது. சக்கரம் சுற்றும்போது பெரியம்மா பெயரும் கூடவே சுற்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதனை ஓட்டமாகச் சாமுண்டி மலைக்குப் போனேன். கியருக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு கம்பி உண்டு. அதை இழுத்தால் நாலு சக்கரமும் இழுக்கும் என்று படித்திருந்தேன். தார் ரோட்டில், ஏற்றத்தில், அதை இழுத்தேன். வண்டி ஆளே மாறிவிட்டது! முன் சக்கரம் இரண்டும் ரோட்டைக் கவ்விப் பிடித்து இழுப்பதை என் இரண்டு கைகளாலும் உணர்ந்தேன். (அப்படி எதுவும் நடக்கவில்லை என்பது பிறகு தெரியவந்தது. ஆனால் உணர்ந்தது உண்மை.) பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. கோபிநத்தத்தில் மலை ஏற வேண்டியதில்லை, பள்ளம் மட்டும்தானே.

விசேஷத்தன்று விடியும்போதே அம்மாவையும் சீர்த் தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு மைசூரிலிருந்து கிளம்பிவிட்டேன். கொள்ளேகாலில் பூ வாங்க நிறுத்தியபோது பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை முகத்துக்கு நேரே இழுத்துக்கொண்டாள். வெயிலுக்கு என்றாள். வழி நெடுக வண்டி ஒரு வம்பும் செய்யவில்லை. மண் பாதை முடிந்து பள்ளம் கண்ணில் பட்டபோது நல்ல நேரம் முடிய இன்னும் வேண்டிய அவகாசம் இருந்தது. அந்தக் கரையில் டிராக்டர் ஏறிப் போன தடம் தெரிந்தது. மேட்டிலிருந்து மேளச் சத்தம் கேட்டது. எனக்குப் புல்லரித்தது.

தண்ணீர் முழங்காலளவு இருக்கும். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"கண்ணு, நான் எறங்கி நடந்துக்கறேன். தட்டையும் ஒவ்வொண்ணாக் குடு."

"சீர் நடந்தாம்மா போகும்? பேசாம உட்காரு. இது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி."

"எல்லா வண்டிக்கும் நாலு சக்கரந்தான கண்ணு?"

அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது என்று புன்னகை செய்துவிட்டு, குட்டிக் கம்பியை இழுத்துவிட்டு, தண்ணீருக்குள் இறங்கினேன்.

சரியாக நடுப் பள்ளத்துக்குப் போனதும் வண்டி நின்றது. எஞ்சின் ஓடியது, வண்டி ஓடவில்லை. மிதித்தேன். பின் சக்கரங்கள் மணலை வாரி வாரிப் பின்னால் இறைத்தன. தலையை வெளியே நீட்டி முன் சக்கரத்தைப் பார்த்தேன். அது தேமே என்று நின்றது. பெரியம்மா பெயர் நேராக, வாசிக்க வசதியாக இருந்தது. இன்னும் அழுத்தி மிதித்தேன். வண்டி மெதுவாக இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது. பிறகு எஞ்சினும் நின்றது. காலடியில் தண்ணீர் வந்தது. அம்மா தட்டுகளைத் தூக்கி மடியில் அடுக்கிக்கொண்டாள். ஒரு தேங்காய் மட்டும் கை தவறி விழுந்து, நிதானமாகக் காவிரி இருக்கும் திசையில் மிதந்து போனது.

இந்த இடத்தில் சிரிப்பாகச் சொல்லிக்கொண்டு போக எனக்கு இன்றும் வருவதில்லை. மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது. சுதா அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று தெரியும். அவள் பக்கத்தில் செந்திலின் உறவு முழுக்க நிற்கும். "எங்கே உன் அண்ணன்?" என்று ஒருவராவது கேட்டிருப்பார். அவளை யாரும் பாவம் என்று சொல்லிவிடக் கூடாது என்று கிளம்பிய நான், எல்லாரும் சேர்ந்து சொல்லுவதற்கு ஏற்பாடு செய்துவிட்டு நடுத்தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவாக இருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். முதல் பஸ் பிடித்து வந்திருப்பார். டிராக்டரில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்து, மாப்பிள்ளையோடு மஞ்சள் விலை பேசிக்கொண்டே போயிருப்பார். அவருக்கு அதில் ஒரு குறையும் தெரிந்திருக்காது.

போனில் சிக்னல் இல்லை. செய்வதற்கு வேறு ஒன்றும் தெரியாமல் ஹாரனை அமுக்கினேன். நான் பார்த்துப் பார்த்துச் செய்த வேலைகளில் அந்த நேரத்தில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

முதலில் மேளம் நின்றது. பிறகு மேட்டில் ஒரு தலை தெரிந்தது. பிறகு நிறையத் தலைகள். செந்தில் முன்னால் ஓடி வந்தார், தோளில் தாரணி. பின்னால் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி சுதா. அதற்குப் பின்னால் பூசாரி, காது குத்த வந்த ஆசாரி, மேளக்காரர்கள் என்று கோயிலே இறங்கி வந்தது. செந்தில் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்கவில்லை. அதை நான் மறக்க மாட்டேன். சிரித்தவர் அவருடைய பெரியப்பா. அந்தக் குடும்பத்தில் எதற்கும் கடைசி வார்த்தை அவருடையதுதான்.

"தாய்மாமன் பாதி தூரம் வந்துட்டாப்லயாட்ட இருக்குது" என்றார். கரை முழுக்கச் சிரித்தது.

சிரித்து முடித்துவிட்டு அவரே காரியத்துக்கு வந்தார். "நேரம் போவுது. சுதாவுக்குப் பங்காளி மொறையில அண்ணன் ஒருத்தன் மேல நிக்கறானே, அவன் மடியில வெச்சுக் குத்திப்போடலாம். இவுங்க மெதுவா வரட்டும்."

அதுவும் எங்கள் வழக்கத்தில் உள்ளதுதான். தப்பில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எங்கண்ணன் மடியிலதான் குத்தோணும்" என்றாள் சுதா.

"அண்ணன் தண்ணிக்குள்ள இருக்கறாப்ல அம்மணி."

"இருந்தா என்னுங்க? அண்ணன்தானுங்களே?"

நான் அவசரமாக இறங்கி, நடந்தே வந்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் செந்தில் தாரணியோடு தண்ணீரில் இறங்கி ஜீப்புக்கு வந்துவிட்டார். குழந்தை காலையிலிருந்து அழுத அழுகையில் முகம் வீங்கியிருந்தது. ஆசாரி பெட்டியைத் திறந்ததைப் பார்த்ததிலிருந்து யாரையும் கிட்ட விடவில்லையாம். ஜீப்பைப் பார்த்ததும் அழுகை நின்றது. அப்பா தோளிலிருந்து நேராக என் மடிக்குத் தாவி, நான் அமுக்கியதைப் பார்த்திருக்கிறாள் போல, ஹாரனை அமுக்கினாள். அது பாடியது. மறுபடி அமுக்கினாள். வேறு பாட்டு வந்தது. அவள் சிரித்தாள்.

"வா சாமி, மாமாகூடக் கோயிலுக்குப் போலாம்" என்று தூக்கினேன். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு வீறிட்டாள். விட்டேன், சிரித்தாள். செந்தில் தூக்கினார், வீறிட்டாள். அம்மா வாழைப்பழம் காட்டினாள். பழத்தை வாங்கிக்கொண்டு ஹாரனை அமுக்கினாள்.

சுதா கரையில் நின்று இதைப் பார்த்தாள். பிறகு பூசாரியிடம் திரும்பினாள்.

"ஏனுங்க, இங்கயே குத்திப்போட்டா என்னுங்க?"

பூசாரி இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளத்தையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சாமிக்கு எல்லையே இந்தப் பள்ளந்தான்" என்றார். "அந்தக் கரையில இருந்தா ஆகாது. ஆனா வண்டி நடுவுல நிக்குது. முன் சக்கரம் எல்லைக்குள்ள, பின் சக்கரம் வெளிய. மாமன் எதுல உக்காந்திருக்கறாரு?"

"முன்னாடிதானுங்க" என்றார் செந்தில்.

"அப்பச் சரி."

ஆசாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டியைத் தலையில் வைத்து இறங்கினார். சுதா சேலை நனைய நனைய வந்து, முதலில் சாய்ந்து கிடந்த ஜீப்புக்கே ஆரத்தி சுற்றினாள். சீர்த் தட்டுகளை அம்மா ஒவ்வொன்றாக நீட்ட, செந்தில் வீட்டுப் பெண்கள் தண்ணீரில் வரிசையாக நின்று கைமாற்றிக் கரைக்கு வாங்கிக்கொண்டார்கள். கரையில் நின்று மேளக்காரர் வாசித்தார். தாரணி அவருக்குப் போட்டியாக ஹாரன் வாசித்தாள். ஆசாரி ஒரு காதைக் குத்தியபோது அவள் ஒரு முறை வீறிட்டு, அதே மூச்சில் ஹாரனை அமுக்கினாள். இரண்டாவது காதுக்கும் அப்படியே. எது குழந்தை, எது ஹாரன் என்று கரையில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. அழுதது நான்தான். குழந்தையின் தலைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டதால் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். சுதா பார்த்துவிட்டாள்.

"ஏண்ணா, பேசாம பஸ்ல வந்திருக்கலாமல்ல?" என்றாள் மெதுவாக.

"மாப்பிள்ளை வீட்டு டிராக்டர்ல சீர் வந்தா உன்னை யாராவது ஏதாவது சொல்லிடுவாங்கன்னுதான்..."

"நீ வந்தயா இல்லயான்னுதாண்ணா பாப்பாங்க. எதுல வந்தேன்னு யாரு பாக்கறாங்க?" என்றவள் ஜீப்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இனிமே பாப்பாங்க" என்றாள்.

டிராக்டர் வந்து ஜீப்பை மேட்டுக்கு இழுத்துப் போனது. அதாவது, சீர் வந்த வண்டி கடைசியில் மாப்பிள்ளை வீட்டு டிராக்டரின் பின்னால்தான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன், வேறு வழியில்லாமல். பந்தியில் பாயசத்துக்குக் கிண்ணம் பற்றாமல் போனதும் அம்மா நேராக என்னிடம் வந்தாள். "சக்கரத்துல ரெண்டு வெச்சிருக்கறயே, கழட்டு" என்றாள். கழற்றினேன். உள்ளே அந்த இரும்புக் குமிழ். அதன் முகத்தில் திருகுவதற்கென்று ஒரு வட்டமும், ஒரு பக்கம் 'லாக்', மறுபக்கம் 'ஃப்ரீ' என்ற எழுத்தும் இருந்தன. இரண்டு குமிழும் 'ஃப்ரீ'யில் இருந்தன. கீழே இறங்கி அதைக் கையால் திருகினால்தான் முன் சக்கரம் எஞ்சினோடு சேரும், இல்லாவிட்டால் உள்ளே குட்டிக் கம்பியை எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் ஆகாது என்பது தெரிந்தது. நான் அத்தனை நாளும் நாலு சக்கர வண்டியின் இரண்டு சக்கரத்தைப் பெரியம்மா பெயரால் மூடிவைத்து ஓட்டியிருக்கிறேன்.

கொள்ளேகால் வந்து சிக்னல் கிடைத்ததும் பசவராஜுவுக்குப் போன் செய்து கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அய்யோ, அது சுத்துமா சார்? நான் டிசைன்னு நெனச்சேன்" என்றார். அதற்கு மேல் அவரிடம் என்ன கோபப்படுவது? நான் அதைப் பரு என்று நினைத்தவன்.

பிறகு பிரேக், ரேடியேட்டர், குமிழ் என்று உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாக, முறையாக ஜீப் பார்ப்பவரிடமே கொடுத்துச் சரிசெய்தேன். இன்று அந்த வண்டி எந்தப் பள்ளத்தையும் தாண்டும். சுதாவின் இரண்டாவது மகளுக்குக் காதுகுத்து வந்தபோது, இறங்கிக் குமிழைத் திருகி, குட்டிக் கம்பியை இழுத்து, தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு ஒரே மூச்சில் பள்ளத்தைத் தாண்டிக் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். நல்ல நேரம் இன்னும் தொடங்கவே இல்லை. கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

"என்னுங்க மாமன், பள்ளத்துல நிக்கலயா?" என்றார் பெரியப்பா.

"இல்லைங்க. இப்ப எல்லாம் சரி பண்ணியாச்சு."

"அதெப்படிங்க? மூத்ததுக்கு அங்கதான குத்துனோம்? சின்னதுக்கு மட்டும் கோயல்ல வெச்சுக் குத்துனா, நாளைக்கு வளந்து ஏன்னு கேட்டா என்ன சொல்றது?"

பூசாரியும் தலையாட்டினார். ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்கு ஒரு முறை, இன்னொன்றுக்கு ஒரு முறை என்று வைக்கக் கூடாதாம். ஜீப்பை எதிர்க்கரைக்குக் கொண்டுபோய்த் திருப்பி, மறுபடி கோயிலைப் பார்க்க இறங்கி நடுப் பள்ளத்தில் நிறுத்தினேன். பெரியப்பா கரையில் நின்று பார்த்துவிட்டு, போன தடவை இடது பக்கம் சாய்ந்திருந்ததே என்றார். நாலு பேர் இறங்கி இடது சக்கரத்தின் அடியில் மணலைத் தோண்டினார்கள். அம்மா தட்டிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து, யாரும் சொல்லாமலே, தண்ணீரில் விட்டாள். தாரணி தங்கைக்கு ஹாரன் அமுக்கக் கற்றுக்கொடுத்தாள்.

போன வாரம் முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்தார். செந்திலின் பங்காளி வீட்டுக் குழந்தைக்குத் தாய்மாமனாம். அடுத்த மாதம் காதுகுத்து. சீர் கொண்டுபோக என் ஜீப் வேண்டும் என்று கேட்டார். அடுத்தவன் வண்டியில் சீர் கொண்டுபோக அவருக்குத் துளியும் கூச்சம் இல்லை. சிரித்த குரலில், கல்யாணத்துக்குப் பந்தல் கேட்பதுபோலக் கேட்டார். தேதியைக் குறித்துக்கொண்டு, வண்டி இப்போது நல்ல நிலையில் இருக்கிறது, எந்தப் பாதையிலும் தாராளமாக வரும் என்று பெருமையோடு சொன்னேன்.

"அப்படிங்களா" என்றார், குரல் இறங்கிப்போய். "பள்ளத்துல கண்டிப்பா நின்னுருமுங்களா?"

"அதுக்கு நான் கேரண்டிங்க" என்றேன்.